தப்ரபேனில் ஒரு சூரிய நகரம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரச் சிறையொன்றிலே 1602ஆம் ஆண்டில் ஒரு துறவி சிறியதொரு நூலை எழுதினார். வறுமையில்லாத மக்கள், அடிமையில்லாத சமுதாயம், அறிஞர் நடத்தும் ஆட்சி, நாளொன்றுக்கு நான்கு மணி நேர உழைப்பு ஆகிய யாவும் அமைந்த நகரம் ஒன்றை அந்நூலிலே அவர் படைத்துக் காட்டினார். துறவியின் பெயர் தொம்மாசோ கம்பனெல்லா. நூலின் பெயர் 'சூரிய நகரம்'. அந்த நகரம் எங்கே இருப்பதாக அவர் எழுதினார் தெரியுமா? தப்ரபேன் தீவிலே.

தப்ரபேன் என்பது பழைய கிரேக்கரும் ரோமரும் இலங்கைக்கு வழங்கிய பெயர். தம்பபண்ணி என்ற பாளிப் பெயரே கிரேக்கர் நாவிலே அவ்வாறு திரிந்தது. பிளேட்டோவின் 'குடியரசு' பற்றி நம்மவர் மேடைகளிலே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தோமஸ் மோரின் 'யுட்டோப்பியா' பற்றிய கட்டுரைகளையும் படித்திருக்கிறேன். ஆனால், நாம் குடியிருக்கும் தீவின் மீதே கட்டியெழுப்பப்பட்ட கற்பனை அரசைப் பற்றி நம்மிடையே பேசுவோர் அரிது. அந்த அரசு நமது தீவுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அது எழுதப்பட்ட காலத்தில் உண்மையான தீவிலே என்ன நடந்துகொண்டிருந்தது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுகளைப் படைத்த கிரேக்கர்

கற்பனைத் தீவை வைத்து அரசியல் பேசும் வழக்கத்துக்கு மூலவர் பிளேட்டோ என்றே சொல்லவேண்டும். கி.மு. 360ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய 'திமேயஸ்', 'கிரித்தியாஸ்' என்னும் இரண்டு உரையாடல்களிலேதான் அத்திலாந்திஸ் என்ற தீவு முதன்முதலாகத் தோன்றுகின்றது. கடலாலும் நிலத்தாலும் அமைந்த வட்டங்கள் மாறி மாறிச் சூழ்ந்த தலைநகர், வெள்ளியால் வேய்ந்த கோயில், 10,000 தேர்கள், 1,200 போர்க்கப்பல்கள் எனப் பிளேட்டோ அதனை விரிவாக வருணிக்கிறார். செல்வச் செருக்கால் பிற நாடுகளை அடிமைப்படுத்தப் புறப்பட்ட அத்தீவை, அக்காலத்துச் சிறிய ஏதென்ஸ் தோற்கடித்தது. பின்னர் ஒரே பகலிலும் இரவிலும் அத்தீவு கடலுள் அமிழ்ந்தது. இதுவே கதை.

பிளேட்டோவுக்கு முன் எகிப்து வரை சென்று கேட்டதையெல்லாம் எழுதிவைத்த ஹெரோடோட்டஸ் இப்படியொரு போரை அறியார். தம் முன்னோரின் வெற்றிகளை மேடைதோறும் பட்டியலிட்ட ஏதென்ஸ் நகரச் சொற்பொழிவாளரும் அறியார். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு செய்திக்கு ஒரே ஒருவர்தாம் ஆதாரம் என்றால், அந்த ஒருவர் ஏன் அதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்கவேண்டும். பிளேட்டோ பிறந்தது ஏதென்சின் கடற்பேரரசு ஸ்பார்ட்டாவோடு பொருதிக்கொண்டிருந்த காலத்தில். கி.மு. 404இல் அந்தப் பேரரசு சரிந்ததை இளைஞராக நின்று பார்த்தவர் அவர். கப்பல்களும் செல்வமும் செருக்கும் நிறைந்த அத்திலாந்திஸ், அவருடைய ஏதென்சின் நிழலே என்று பிரெஞ்சு வரலாற்றறிஞர் பியர் விடால்-நக்கே விளக்கியிருக்கிறார். தொலைதூரத்துத் தீவைக் காட்டித் தன் ஊராருக்குப் புத்தி சொன்னார் பிளேட்டோ.

அவர் மற்றுமொரு விதையையும் ஊன்றினார். 'குடியரசு' என்ற நூலிலே அவர் வகுத்த நாட்டில் மெய்யறிவாளரே ஆள்வர். காவலர் வகுப்பினருக்குச் சொந்தச் சொத்துமில்லை, சொந்தக் குடும்பமுமில்லை. பிளேட்டோவின் இந்த ஆட்சிமுறையையும் அவர் காட்டிய தீவு என்னும் உத்தியையும் பின்வந்தோர் ஒன்று சேர்த்தனர். அவர்களில் ஒருவரின் கதை நம்மைத் தென்கடலுக்கு அழைத்து வருகின்றது.

இயம்பூலஸ் கண்ட தீவு

இயம்பூலஸ் என்ற கிரேக்க வணிகனின் பயணக் கதை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் டியோடோரஸ் எழுதிய உலக வரலாற்றிலே சுருக்கமாகக் காணப்படுகின்றது. நறுமணப் பொருள் வாங்க அரேபியா சென்ற இயம்பூலஸ் சிறைபிடிக்கப்படுகிறான். பின்னர் எத்தியோப்பியர் அவனையும் தோழன் ஒருவனையும் ஒரு படகிலே ஏற்றித் தெற்கே அனுப்புகின்றனர். நான்கு மாதங்களின் பின் வட்டமான தீவொன்றை அவர்கள் அடைகின்றனர். அதன் சுற்றளவு 5,000 ஸ்தாதியம். அருகிலே அதுபோன்ற வேறு ஆறு தீவுகள். இரவும் பகலும் எப்போதும் சமம்.

அத்தீவு மக்கள் 150 வயது வரை வாழ்வர். நாக்கு இரண்டாகப் பிளவுபட்டிருப்பதால் ஒரே நேரத்தில் இருவரோடு உரையாட வல்லவர். ஒரு குழுவில் 400 பேருக்கு மேல் இல்லை. மூத்தவரே தலைவர். மனைவியரும் பிள்ளைகளும் அனைவருக்கும் பொது. தன் பிள்ளை எதுவென்று தாய்க்கும் தெரியாததால் பொறாமைக்கும் பூசலுக்கும் இடமில்லை. அவர்கள் வணங்குவது வானத்தையும் சூரியனையும். ஏழு அடிப்படை எழுத்துகள் நான்கு நான்கு வடிவம் பெற்று 28 ஒலிகளைக் குறிக்கும். அவற்றை மேலிருந்து கீழாக எழுதுவர். இந்திய எழுத்து முறையின் தூரத்து எதிரொலியை இதிலே கேட்டவர்களும் உண்டு.

ஏழு ஆண்டுகளின் பின் இயம்பூலஸ் தீயவன் எனக் கூறி வெளியேற்றப்படுகிறான். இந்தியக் கரையிலே ஒதுங்கி, பாடலிபுத்திர அரசனின் உதவியோடு, பாரசீகம் வழியாகத் தாயகம் திரும்புகிறான்.

இந்தத் தீவு எது? மகா அலெக்சாந்தரின் மாலுமிகளில் ஒருவரான ஒனசிக்ரித்தஸ் தப்ரபேனின் அளவைக் கூறும்போது குறிப்பிட்ட எண்ணும் 5,000 ஸ்தாதியம்தான். இத்தகைய ஒற்றுமைகளை வைத்துப் பிற்காலத்தவர் சிலர் இது இலங்கையே என்றனர். வேறு சிலர் சுமாத்திரா என்றனர். உள்ளதைச் சொன்னால், இது இரண்டுமல்ல. பிளேட்டோவின் 'குடியரசை' நன்றாகப் படித்த ஒருவர் அதற்கு உடலும் உயிரும் கொடுத்து, எவரும் சென்று சரிபார்க்க இயலாத தூரத்தில் குடிவைத்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் அங்கத எழுத்தாளரான லூசியன், இயம்பூலஸ் சொன்னவை பொய் என்பது எல்லோருக்கும் தெரிந்தாலும் கதை சுவையானதென்று கேலி செய்திருக்கிறார். ஆயினும் டியோடோரஸ் அதனை வரலாற்று நூலிலே சேர்த்துவிட்டார். ஒரு முறை அச்சேறிய பிழை மறுபடி மறுபடி மேற்கோளாகும் என்பதைச் செய்தியாசிரியர் மேசையிலே இருந்தவர்கள் அறிவார்கள். அச்சு இல்லாத காலத்திலும் நிலைமை அதுவே.

பிளினியின் நற்சான்றிதழ்

இயம்பூலஸ் கற்பனையை உண்மை போல எழுதினார் என்றால், ரோமப் பேரறிஞர் பிளினி உண்மைக்குக் கற்பனையின் ஆடையை உடுத்தினார். கி.பி. 77ஆம் ஆண்டளவில் முடித்த தமது 'இயற்கை வரலாறு' என்னும் நூலிலே அவர் தரும் செய்தி இது: செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவன் காற்றால் அள்ளுண்டு தப்ரபேனுக்கு வந்து சேர்ந்தான். அந்நாட்டு மன்னனோடு ஆறு மாதம் தங்கியிருந்தான். அவனிடமிருந்த ரோமக் காசுகளிலே வெவ்வேறு பேரரசரின் தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் நிறை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு ரோமரின் நேர்மையை வியந்த மன்னன், கிளாடியஸ் பேரரசரிடம் நான்கு தூதுவரை அனுப்பினான்.

இதன் அடிப்படையில் உண்மை இருக்கின்றது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்திலே, அன்னியஸ் பிளோகாமசின் அடிமை லைசாஸ் என்று கூறும் கல்வெட்டொன்று கண்டுபிடிக்கப்பட்டு 1953இல் வெளியிடப்பட்டது. அதன் காலம் கி.பி. 6. கிளாடியஸ் ஆட்சி தொடங்கியது கி.பி. 41இல் என்பதால் காலக்கணக்கில் சிக்கல் உண்டு. எனினும் அந்தக் குடும்பம் கற்பனையல்ல.

கற்பனை தொடங்குவது அடுத்த பகுதியில். தூதுவர் கூறியதாகப் பிளினி எழுதும் தப்ரபேனில் மன்னனை மக்களே தெரிந்தெடுப்பர். முதுமையும் கருணையும் உடையவனாக அவன் இருக்கவேண்டும், பிள்ளைகள் இருக்கக்கூடாது. பின்னர் பிள்ளை பிறந்தால் பதவி போய்விடும், ஆட்சி பரம்பரைச் சொத்தாகிவிடும் என்பதற்காக. மன்னனுக்கு 30 ஆலோசகர். அவர்களிற் பெரும்பான்மையோர் உடன்படாமல் எவருக்கும் மரண தண்டனையில்லை. மக்களிடம் மேன்முறையீடு செய்யலாம். வழக்குகள் இல்லை. தானிய விலை ஏறுவதில்லை. அடிமைகள் இல்லை.

இதே காலத்து இலங்கையைப் பற்றி மகாவம்சம் சொல்வதைப் பாருங்கள். மரபுவழிக் கணக்கின்படி கிளாடியசின் சமகாலத்தவனான மன்னன் சந்தமுகசிவன். அவனுடைய அரசி பெயர் தமிளாதேவி. திஸ்ஸ வாவியிலே நீராடி விளையாடிக்கொண்டிருந்தபோது அவனைக் கொன்று அரியணை ஏறியவன் அவனுடைய சொந்தத் தம்பி யசலாலகதிஸ்ஸன். தம்பியின் கதையும் நன்றாக முடியவில்லை. தன்னைப் போலவே தோற்றமுள்ள சுபன் என்ற வாயிற்காவலனுக்கு அரச ஆடை அணிவித்துச் சிம்மாசனத்தில் இருத்தி, அவனை அமைச்சர்கள் வணங்குவதைக் கண்டு சிரிப்பது அம்மன்னனின் பொழுதுபோக்கு. ஒருநாள் அந்தக் காவலன் மன்னனையே காவலன் எனக் காட்டிக் கொல்லுவித்து, தானே நாட்டை ஆண்டான். மகாவம்சத்தின் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மன்னனைத் தெரிந்தெடுத்த நாடாக அது காட்டவில்லை என்பது தெளிவு.

அப்படியாயின் பிளினியின் தப்ரபேன் எந்த நாடு? கிளாடியஸ் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதாக ரோமர் நம்பினர். அவருக்குப் பின் வந்தவன் நீரோ. ஆட்சி ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிட்ட, அடிமைகளால் நிறைந்த ரோமாபுரியைத் தலைகீழாகத் திருப்பினால் வருவதுதான் பிளினியின் தப்ரபேன். இதனை அறியாமல், நமது முன்னோரின் பொற்காலத்துக்கு ரோமர் கொடுத்த நற்சான்றிதழாக அப்பகுதியை எடுத்துக்காட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கின்றது.

சிறைக்குள் எழுந்த நகரம்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் புவியியலறிஞர் தொலமி தப்ரபேனை அதன் உண்மை அளவிலும் பல மடங்கு பெரிதாகக் கணித்தார். பூமத்திய ரேகை அதனூடே செல்வதாகவும் கொண்டார். உண்மையிலே அந்த ரேகை இலங்கைக்கு மிகத் தெற்கே கடலிலே செல்கின்றது. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் தொலமியின் நூல் ஐரோப்பாவில் அச்சாகியபோது இந்தப் பெருந்தீவும் தேசப்படங்களிலே மீண்டும் உலவியது. மாலுமிகள் இலங்கையையும் சுமாத்திராவையும் கண்டுவந்து சொன்ன பின், எது தப்ரபேன் என்ற வாதம் எழுந்தது. இத்தகைய குழப்பத்திலே கம்பனெல்லாவுக்கு இடம் கிடைத்தது.

கம்பனெல்லா 1568இல் தென் இத்தாலியின் கலாபிரியாவில் ஸ்தீலோ என்ற ஊரிலே பிறந்தவர். டொமினிக்கன் சபைத் துறவி. அப்போது தென் இத்தாலி ஸ்பானிய அரசின் கீழ் இருந்தது. 1599இல் அந்த ஆட்சிக்கு எதிரான சதியொன்றின் தலைவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானார். கலாபிரிய மலைகளிலே ஒரு குடியரசை நிறுவுவது அவர்களுடைய திட்டம். மரண தண்டனையிலிருந்து தப்ப ஒரே வழி பித்தராக நடிப்பது. பித்தரைக் கொல்லச் சட்டம் இடந்தராது. 1601 ஜூன் மாதத்தில் ஒன்றரை நாளளவு ஓயாத சித்திரவதைக்கு அவரை உட்படுத்தினார்கள். நடிப்பைக் கைவிடாமல் அவர் தாங்கிக்கொண்டார். உயிர் தப்பியது. ஆனால் சிறைவாசம் 1626 வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள் நீண்டது. சித்திரவதைக்குள்ளான அடுத்த ஆண்டிலேதான் 'சூரிய நகரம்' எழுதப்பட்டது.

நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. கொலம்பஸின் கப்பலோட்டியாயிருந்த ஜெனோவா நகரத்தவன் ஒருவன் தன் பயணத்தை விவரிக்கிறான். தப்ரபேனிலே கரையிறங்க நேர்ந்தது. மக்களுக்கு அஞ்சிக் காட்டிலே ஒளிந்தான். வெளியே வந்தபோது பூமத்திய ரேகையின் நேர்கீழே பரந்த சமவெளி. நடுவே ஒரு குன்று. குன்றைச் சூழ்ந்து ஏழு மதில் வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகத்தின் பெயர். உச்சியிலே வட்டவடிவான கோயில். அத்திலாந்திசின் வட்டங்களை இங்கே எவரும் அடையாளம் காண்பர்.

நகரை ஆள்பவர் 'சூரியன்' எனப்படும் மெய்யறிவாளர். அவருக்குத் துணையாக வலிமை, அறிவு, அன்பு என்னும் பெயருடைய மூவர். மதில்கள்தாம் அங்கே பள்ளிக்கூடம். கணித உருவங்கள், உலகப் படம், பல மொழி எழுத்துகள், கனிமங்கள், மூலிகைகள், மீன்கள், பறவைகள், விலங்குகள், கைத்தொழில்கள் எல்லாம் மதில்களிலே தீட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைச் சுற்றி நடந்து, விளையாட்டாகவே பத்து வயதுக்குள் கற்றுக்கொள்கின்றனர். ஆணும் பெண்ணும் ஒரே கல்வி பெறுகின்றனர். சொத்து பொது. எந்த உழைப்பும் இழிவானதல்ல. எல்லோரும் உழைப்பதால் ஒருவருக்கு நான்கு மணி நேர வேலை போதும். இந்த இடத்திலே கப்பலோட்டி நேப்பிள்ஸ் நகரைச் சுட்டிக்காட்டுகிறான். அங்கே வாழும் 70,000 பேரில் உழைப்பவர் 10,000 அல்லது 15,000 பேர்தாம். அவர்கள் உழைத்தே மாய்கிறார்கள், மற்றவர்கள் சோம்பலால் கெடுகிறார்கள் என்பது அவனுடைய முறைப்பாடு.

நேப்பிள்ஸ் சிறையிலே கிடந்தவர் நேப்பிள்சைப் பற்றித்தான் எழுதினார். நூலின் இறுதிப் பகுதியில், 40 மணி நேரம் வதைத்தும் ஒரு மெய்யறிவாளரின் வாயிலிருந்து ஒரு சொல்லையும் பெற முடியவில்லை என்ற குறிப்பு வருகின்றது. அந்த மெய்யறிவாளர் யாரென்று சொல்லத் தேவையில்லை. கலாபிரிய மலையிலே கட்ட முடியாமற்போன குடியரசைக் கம்பனெல்லா தப்ரபேன் சமவெளியிலே கட்டினார்.

அந்த நகரத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. யார் யாரோடு கூடவேண்டும், எந்த நாழிகையிலே கூடவேண்டும் என்பதை அன்பின் அதிபரும் வைத்தியரும் சோதிடரும் தீர்மானிப்பர். பெண்ணொருத்தி முகத்துக்குப் பூச்சுப் பூசினாலோ உயரமாகத் தோன்றக் குதி உயர்ந்த பாதணி அணிந்தாலோ மரண தண்டனை. சிறைச்சாலைகள் இல்லை என்று சொல்லிவிட்டு, கலகம் செய்யும் பகைவருக்காக ஒரு கோபுரத்தை மட்டும் விலக்காக வைத்திருக்கிறார். கலகக்காரன் என்ற குற்றச்சாட்டால் கோபுரத்தினுள்ளே கிடந்தவர் தமது கற்பனை நகரத்திலும் ஒரு கோபுரத்தைக் கட்டிவைத்தார். இந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை பெரிது. ஒடுக்கப்பட்டவன் கைக்கு அதிகாரம் வந்தால் முதலிலே தேடுவது ஒரு சிறைக்கூடத்தின் சாவியையா என்ற கேள்வியை, இந்த நாட்டிலே வாழ்ந்தவர்கள் எளிதிற் கடந்துபோக முடியாது.

1602இல் உண்மையான தப்ரபேன்

சூரிய நகரத்தவர் இந்தியாவிலே மொகலாயரின் கொடுமைக்குத் தப்பிவந்த அறிஞர் என்கிறார் கம்பனெல்லா. தீவிலே வேறு நான்கு அரசுகள் இருப்பதாகவும், அவை இந்நகரின் இன்பவாழ்வைக் கண்டு பொறாமை கொண்டு போரிட்டுத் தோற்பதாகவும் எழுதுகிறார். அந்த நான்கு அரசுகளுக்கும் பெயரில்லை. அங்குள்ள மக்களுக்கு முகமில்லை. அவை கதைக்குத் தேவையான எதிரிகள், அவ்வளவே.

உண்மையான தீவின் அரசுகளுக்குப் பெயர்கள் இருந்தன. கோட்டை அரசன் தர்மபால 1580இல் தன் நாட்டைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிவைத்து, 1597இல் இறந்தான். சீதாவாக்கை அரசு 1594இல் சிதறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் 1591இல் போர்த்துக்கேயர் படையெடுத்து மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தியிருந்தனர். எஞ்சிய கண்டியை முதலாம் விமலதர்மசூரியன் ஆண்டான். போர்த்துக்கேயரிடமே வளர்ந்து அவர்களுக்கெதிராக எழுந்தவன் அவன்.

சூரிய நகரம் எழுதப்பட்ட அதே 1602இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. மார்ச் மாதத்தில் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி நிறுவப்பட்டது. மே மாத இறுதியில் ஒல்லாந்தத் தளபதி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்து, அங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதர்மசூரியனைச் சந்தித்தான். ஒல்லாந்தர் கோட்டை கட்ட வந்தால், தானும் தன் அரசியும் பிள்ளைகளும் தோளிலே கல் சுமப்போம் என்று மன்னன் வரவேற்றதாகப் பயணக் குறிப்பு கூறும். கம்பனெல்லாவின் கப்பலோட்டி கற்பனையிலே கரையிறங்கிய ஆண்டில், உண்மையான கப்பலோட்டி ஒருவன் உண்மையான கரையிலே இறங்கினான். அவன் தேடிவந்தது கறுவாவும் மிளகும்.

இன்னுமொரு தொடர்பு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன. கம்பனெல்லாவை நேப்பிள்ஸ் சிறையிலே அடைத்து வைத்ததும், கொழும்பிலே பறங்கிக் கொடியை ஏற்றியிருந்ததும் ஒரே அரசனின் பெயரால். ஸ்பெயினில் அவன் மூன்றாம் பிலிப், போர்த்துக்கலில் இரண்டாம் பிலிப். ஓர் அரசனின் கைதி, அதே அரசனின் படைகள் மிதித்துக்கொண்டிருந்த தீவிலே, விடுதலையின் நகரத்தைக் கண்டான்!

அந்தக் கைதி சிறையிலிருந்தபோதே, 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது. சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1623இல் 'சூரிய நகரம்' ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரிலே இலத்தீன் மொழியில் அச்சாகி வெளிவந்தது. குன்றின் உச்சியிலே ஒளிவீசும் கோயிலைப் பற்றி ஐரோப்பிய அறிஞர் படித்துக்கொண்டிருந்தபோது, தப்ரபேனின் வடமுனையிலே கோயிற் கற்கள் வேறு கட்டடங்களுக்குச் சென்றுகொண்டிருந்தன.

யாருடைய கனவு?

கம்பனெல்லாமீது எனக்குக் கோபமில்லை. கலீலியோவுக்காகச் சிறையிலிருந்தபடியே வாதாடி நூல் எழுதிய துணிச்சல்காரர் அவர். உழைப்பு இழிவல்ல என்றும், பெண்பிள்ளைக்கும் கல்வி வேண்டும் என்றும், எவரும் அடிமையாகப் பிறப்பதில்லை என்றும் உடல் நைந்த நிலையிலும் எழுதினார். 1634இல் பிரான்சுக்குத் தப்பியோடி, 1639இல் பாரிஸ் நகரிலே இறந்தார். அவர் எழுதியவற்றிற் பல இன்று நாம் இயல்பாகக் கேட்கும் உரிமைகள். தம் நாட்டுக்கு அவர் செய்தது தொண்டே.

எனது கேள்வி நம்மைப் பற்றியது. பிளேட்டோ முதல் கம்பனெல்லா வரை எல்லோரும் தொலைவிலே ஒரு தீவை வைத்துத் தம் ஊரைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் ஊருக்கு அது கண்ணாடி. அந்தத் தீவிலே வாழ்பவர்கள் அதனைத் தம்முடைய படம் என்று எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. பிளினியின் தப்ரபேனை நமது பொற்காலம் என்று ஒருவர் கொண்டாடும்போது, வாயிற்காவலனால் கொல்லப்பட்ட மன்னனின் கதை மறைந்துபோகின்றது. குற்றமற்ற பழங்காலம் ஒன்று இருந்தது, பிறர் வந்துதான் அதைக் கெடுத்தார்கள் என்ற எண்ணம் வேரூன்றுகின்றது. அந்தப் பிறர் யார் என்பதை அவரவர் தத்தம் வசதிக்கேற்ப நிரப்பிக்கொள்கின்றனர். சிங்களவருக்கு ஒரு பட்டியல், தமிழருக்கு ஒரு பட்டியல். இந்தக் கணக்கிலே நாம் கொடுத்த விலை எவ்வளவு என்பது இத்தீவிலே எல்லோருக்கும் தெரியும்.

தமிழர்களாகிய நமக்கு இதிலே தனிப் பாடமும் உண்டு. 1864இல் ஆங்கிலேய விலங்கியலறிஞர் பிலிப் ஸ்கிளேற்றர், மடகஸ்கரின் லெமூர் விலங்குகளின் பரம்பலை விளக்க 'லெமூரியா' என்ற கண்டத்தை ஊகித்தார். நமது பழைய உரைகள் கூறும் கடல்கோள் செய்தியோடு அந்த ஊகத்தை நம்மவர் இணைத்தனர். பின்னர் கண்டங்களே நகர்கின்றன என்று 20ஆம் நூற்றாண்டின் நிலவியல் கண்டறிந்தபோது, லெமூரியா அறிவியலுக்குத் தேவையற்றதாயிற்று. அறிவியல் கைவிட்ட பின்னும் நாம் அதைக் கைவிடவில்லை. நமது மொழியின் தொன்மைக்கு இலக்கியமும் கல்வெட்டும் அகழாய்வும் போதிய சான்று தரும்போது, அமிழ்ந்த கண்டம் எதற்கு?

கம்பனெல்லாவின் நூலிலே நான் நெடுநேரம் நின்ற இடம் அந்தப் பெயரில்லாத நான்கு அரசுகள்தாம். ஏழு மதில்களுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மொழி என்ன, தெய்வம் எது, அவர்கள் ஏன் போரிட்டார்கள் என்று கப்பலோட்டி கேட்கவில்லை. பொறாமை என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டான். எந்த இலட்சிய நாட்டின் கதையைக் கேட்டாலும், அது எவர் வாயிலாக வந்தாலும், மதிலுக்கு வெளியே இருந்தவர்களிடம் யாராவது பேசினார்களா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். செய்தி எழுதுபவனுக்கு நான் சொல்லக்கூடிய விதி அதுதான். வரலாறு எழுதுபவனுக்கும் வேறு விதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.